எண்ண வேண்டாத காய்ச்சல்

கொசுவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் உலகத்தில் எங்கேயாவது இருப்பாளா என்று கேட்டால், இருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் சிலைடு பார்க்கிறவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மைக்ரோஸ்கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு நாளெல்லாம் என்னத்தைத்தான் பார்க்கிறாய் என்று ஒரு தரம்கூடக் கேட்காத அவள் புருஷன், இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கொசுவைப் பற்றி விசாரிக்கிறான். எந்த மரத்தில் தங்கும், எப்போது கடிக்கும், குரங்கைக் கடித்த வாயாலேயே மனுஷனையும் கடிக்குமா என்று. அதையும் இவளிடமா கேட்கிறான்? எதிரே உட்கார்ந்திருக்கும் சின்னவளிடம் கேட்கிறான்.

சின்னவள் இவளுக்கு ஓரகத்தி. புருஷனுடைய தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தம்பி இப்போது இல்லை. போன வருஷம் மழைக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகும் சின்னவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை, மாடி அறையிலேயே மாமியாருக்குத் துணையாக இருந்துவிட்டாள். தெரு மெச்சியது. மாமியார் நாளைக்கு நாலு தரம் மெச்சினாள். "என் புள்ள போனாலும் எனக்கு ஒரு பொண்ணை விட்டுட்டுப் போயிருக்கான்" என்பாள், மூத்தவள் காதில் விழும்படி. அப்படியானால் இத்தனை வருஷம் சமைத்துப்போட்டு, முட்டிக்கு மருந்து தேய்த்துவிட்ட மூத்தவள் யாராம்? வாடகைக்கு வந்தவளா?

வீட்டில்தான் இப்படி. லேபில் அவள் வைத்ததுதான் சட்டம். "சிலைடு அக்கா பாத்தாச்சா? அப்ப சரி" என்று டாக்டர்களே பேனாவைத் திறப்பார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, லென்சுக்கு அடியில் வைத்தால் போதும். மலேரியாவா இல்லையா, மலேரியா என்றால் எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். அதில் கொல்லும் ரகம் ஒன்று உண்டு. அதைக் கண்டால் எத்தனை கிருமி இருக்கிறது என்று எண்ணி எழுதி, ஆளை உடனே படுக்கையில் போட்டு டிரிப் ஏற்ற வேண்டும். சாதுவான ரகம் ஒன்றும் உண்டு. சிவப்பணுவுக்குக் குறுக்கே இடுப்பு வார் மாதிரி கிடக்கும். அதற்கு லேபில் பெயர் பட்டை. இரண்டு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு காயும், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ரத்தத்தில் எப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும் என்பதால் யாரும் அதை எண்ணுவதில்லை. பட்டை என்று எழுதிவிட்டு அடுத்த சிலைடை எடுப்பார்கள். பட்டையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் வேலை தெரியாதவள். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அவளும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள்.

கொழுந்தனுக்கும் அவள்தான் பார்த்தாள். ஊருக்கு மேற்கே மலையடிவாரம் நெடுக, காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மரம் அறுக்கும் ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. காய்ச்சலோடு வந்தான், இவள் பார்த்தாள், பட்டை. "மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குடா, ஒண்ணுமில்ல" என்று தலையில் தட்டி அனுப்பினாள். சில நாளில் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போதிருந்த டாக்டர் இதயம் என்று எழுதினார். பட்டையில் ஆள் சாவதில்லை, ஆகவே இதயம்தான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சின்னவளும் அப்போது கேட்கவில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த சுகாதார ஆபீசில் பூச்சிப் பிரிவில் வேலை. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். புருஷன் போன பிறகு அவளாகக் கேட்டு, வெளியே சுற்றுகிற வேலையை வாங்கிக்கொண்டாள். வெட்டின காட்டோரத்தில் வலை கட்டிக் கொசு பிடிப்பாள், வானத்திலிருந்து எடுத்த படத்தில் காடு போன வருஷம் எதுவரை இருந்தது, இந்த வருஷம் எதுவரை இருக்கிறது என்று கோடு போடுவாள், காய்ச்சல்காரர்கள் எந்த ஓரத்தில் வேலை பார்த்தவர்கள் என்று அதன்மேல் புள்ளி வைப்பாள். அந்தக் காட்டோரத்துக்குப் போக பஸ் கிடையாது. யார் கூட்டிப்போவது? அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மூத்தவளின் புருஷன்தான். சாயங்காலம் அவனுடைய பிக்கப்பில், முன் சீட்டில், வலையை மடியில் வைத்துக்கொண்டு போவாள். இருட்டுகிற நேரத்தில்தான் அந்தக் கொசு கடிக்க வருமாம், அதனால் இருட்டின பிறகுதான் இரண்டு பேரும் திரும்புவார்கள்.

மூத்தவள் ஜன்னலில் நின்று வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பாள். வண்டி நின்ற பிறகும் உடனே இறங்க மாட்டார்கள். ஏதோ பேசி முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். புருஷன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்த சிரிப்புதான், கல்யாணமான புதிதில் அவளுக்கே கிடைத்தது. இப்போது அது கொசுக்காரிக்குப் போகிறது. தப்பாக ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன பண்ண? வயிறு எரிகிறதே. ஒருநாள் யாரும் பார்க்காதபோது பிக்கப்பில் ஏறி முன் சீட்டைத் தடவிப் பார்த்தாள். இலைச்சருகும், கொசுவலை நூலும், கொசு விரட்டும் களிம்பின் வாசனையும்தான் இருந்தன. அதற்கும் அழுகை வந்தது.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். புது டாக்டர், நர்சுகள், லேப் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். சின்னவள் தன் படத்தைச் சுவரில் மாட்டிப் பேசினாள். காடு பச்சை, வெட்டின இடம் வெள்ளை. பச்சையும் வெள்ளையும் சேருகிற ஓரம் நெடுகச் சிவப்புப் புள்ளி.

"இதுல உள்ள புள்ளி எல்லாமே நம்ம லேப்ல பட்டைன்னு சொன்ன கேஸ்தான்" என்றாள் சின்னவள். "ஊருக்குள்ள ஒண்ணுகூட இல்ல. காடு முழுசா இருக்கற பக்கமும் இல்ல. வெட்டின ஓரத்துல மட்டும் ஏன்? வீட்ட இடிச்சா எலி எங்க போகும்? பக்கத்து வீட்டுக்குத்தான். காட்ட வெட்டினதுல குரங்கெல்லாம் மீதி இருக்கற துண்டுக்குள்ள வந்து நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு. உச்சிக் கிளையில குரங்கைக் கடிச்சிட்டிருந்த கொசுவும் கூடவே வந்து, கீழ நிக்கற ஆளைக் கடிக்குது. இது நம்ம பழைய பட்டை இல்லைன்னு நெனைக்கறேன். குரங்குகிட்டேருந்து வர்ற மலேரியா. லென்ஸ்ல பாக்கறதுக்குப் பட்டை மாதிரியே இருக்குமாம். ஆனா தினமும் காயும், தினமும் பெருகும். கவனிக்காம விட்டா ஆளே போயிடும்."

புது டாக்டர் எழுந்து படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டார். "நல்லா யோசிச்சிருக்கீங்களே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மூத்தவளும் தட்டினாள். கை தட்டிக்கொண்டிருந்தபோதே அவள் கண் ஒரு புள்ளியில் போய் நின்றது. மேற்கு ஓரத்தில், மரம் அறுக்கும் ஆட்கள் கொட்டகை போட்டிருந்த இடம். அது யாருடைய புள்ளி என்று சின்னவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் மூத்தவள் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷனை நான்தான் கொன்னேன்னு சொல்ல வர்றியா?"

"நான் அப்படிச் சொல்லலையே அக்கா."

"சொல்லல. ஆனா மனசுல இருக்கு."

சின்னவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பட்டைன்னு தெரிஞ்சா கொஞ்சம் எண்ணிப் பாருங்கக்கா. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றாள்.

"நேத்து வந்தவ எனக்கு எண்ணச் சொல்லித் தர்றியா" என்று சொல்லிவிட்டு மூத்தவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு எரிச்சலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. சின்னவள் தன் புருஷனை வளைக்கிறாள் என்று நினைப்பதில் அவளுக்கு ஒரு சௌகரியம்கூட இருந்தது. அவள் கெட்டவளாக இருந்துவிட்டால், அவள் சொல்வதும் பொய்யாக இருந்துவிடலாம் அல்லவா? அவள் சொல்வது மெய் என்றால், தலையில் தட்டித் தூங்கச் சொன்ன கை யாருடைய கை?

பொறாமைக்காரிக்குக் கடவுள் கொடுக்கிற அடி வேறு மாதிரி. புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது.

முதல் நாள் வேலை அசதி என்றாள். மறுநாள் மத்தியானம் அதே நேரத்துக்கு மறுபடி நடுக்கிக்கொண்டு வந்தது. "இன்னைக்கு வரக்கூடாதே" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். பட்டையாக இருந்தால் இரண்டு நாள் விட்டல்லவா வரவேண்டும். மூன்றாம் நாளும் வந்தது. கண் மஞ்சள் தட்டியிருந்தது, நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினான். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் அறை வாசலில் பெஞ்சில் படுக்க வைத்து, விரலில் அவளே குத்தி ரத்தம் எடுத்தாள்.

சாயம் காய்ந்ததும் லென்சில் வைத்துக் குனிந்தாள். குறுக்கே கிடந்தது வார். பட்டை.

அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. பேனாவை எடுத்துப் பட்டை என்று எழுதினாள். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தால், கதவருகே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடி வந்திருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, எண்ணினீங்களா?"

"வெளிய போ."

"ஒரே ஒரு தடவை..."

"பொழுது சாயற நேரத்துல என் புருஷனைக் காட்டோரத்துல நிக்க வச்சது யாருடி? நீ வலை கட்டி வேடிக்கை பாக்கறதுக்கு அவர் உடம்பைக் கொடுத்துட்டு நின்னாரா? உன் வீட்டுக்காரன் போனது போதாதுன்னு என் வீட்டுக்காரனையும் கேக்குதா உனக்கு?"

சின்னவள் முகம் வெளுத்துப்போயிற்று. பொய் இல்லையே அது, அவள்தானே நிற்க வைத்தாள். ஆனால் நகரவில்லை. "ஆமாக்கா, என்னாலதான். அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க, அடிங்க. இப்ப எண்ணுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூத்தவள் மறுபடி குனிந்தாள். எண்ணும் பொத்தானை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒன்று ஒன்றாக அமுக்க ஆரம்பித்தாள். லென்சில் தெரிகிற ஒரு வட்டத்தில் பார்க்க வேண்டியது ஒன்றோ இரண்டோ. கட்டை விரல் ஓயவில்லை. சிலைடைத் தள்ளின பக்கமெல்லாம் இருந்தது. சந்தைக்கூட்டம் மாதிரி இருந்தது. பட்டைக்கு நடுவே சின்னச் சின்ன வளையமாகவும் கிடந்தன, கொல்லும் ரகத்தின் குஞ்சுகள் மாதிரியே. இப்படி ஒரு சிலைடை இதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று நினைக்கப்போனவள், பாதியில் நின்றாள். பார்த்திருக்கிறாள். கொழுந்தனுடைய சிலைடு இப்படித்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவும் செய்தது. பட்டையைப் போய் யார் எண்ணுவார்கள் என்று கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

கட்டை விரல் அப்படியே நின்றது. வெளியே பெஞ்சில் புருஷன் இருமினான்.

பட்டை என்று விட்டால் அவனை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். குரங்குக் காய்ச்சல் என்று எழுதினால் சின்னவள் ஜெயித்தாள், கொழுந்தனைக் கொன்றவள் இவள் என்று ஊரறியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. சிலைடு பார்க்கிறவளுக்கு மட்டுமே தெரிகிற சந்து. வளையங்கள் இருக்கின்றன. கொல்லும் ரகம் என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டுக்கும் அதே டிரிப், அதே ஊசி மருந்து. புருஷன் பிழைப்பான். மானமும் பிழைக்கும்.

பட்டை என்பதை அடித்துவிட்டு, கொல்லும் ரகம், மிக அதிகம் என்று எழுதி, தானே எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள். அரை மணியில் டிரிப் ஏறியது. இவள் ஓடுகிற வழியிலேயே சின்னவள் அந்தச் சீட்டை எட்டிப் பார்த்திருந்தாள், பிறகு இவள் முகத்தையும் பார்த்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் வார்டுக்குள் விழுந்துகொண்டிருந்தபோது, புருஷன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். டாக்டர் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சின்னவள் மூத்தவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்தாள்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப்போறதில்ல அக்கா" என்றாள் மெதுவாக. "இந்தப் புள்ளியைப் படத்துல வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரரோடதையும் எடுத்துடறேன். நீங்க இனிமே பட்டையையும் எண்ணுங்க, வேற மாதிரியா தெரிஞ்சா பெரிய லேபுக்கு அனுப்புங்க. அது போதும் எனக்கு. செத்தவரு செத்துட்டாரு. அத்தைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

எல்லாம் தெரிந்துதான் சின்னவள் இத்தனை நாள் இவள் கையால் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். மூத்தவளுக்கு நன்றி வந்திருக்க வேண்டும், காலில் விழத் தோன்றியிருக்க வேண்டும். வந்தது என்ன தெரியுமா? பொறாமை. வயிற்றின் அடியிலிருந்து, இதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பொறாமை. பிக்கப் முன் சீட்டு போகட்டும், கைதட்டல் போகட்டும், மாமியார் வாய்மெச்சல் போகட்டும். இப்படி ஒரு மனசு இவளுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு ஏன் இல்லை?

மாமியார் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, நேராக மூத்தவளிடம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னாரும்மா. நீ கண்டுபிடிச்சுச் சொல்லலன்னா இவனும் போயிருப்பானாமே. இருக்கற ஒரு புள்ளையையும் காப்பாத்திக் கொடுத்துட்ட. நீ என் மருமக இல்ல, நான் பெத்த பொண்ணு." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள். "நீயும்தான் வருஷம் முழுக்கக் காடு காடா அலைஞ்ச, என்ன ஆச்சு? வேலை தெரிஞ்சவ வேலை தெரிஞ்சவதான்."

"ஆமாங்க அத்தை. அக்காதான் கண்டுபிடிச்சாங்க" என்றாள் சின்னவள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. அதுவும் சின்னவளை வைத்துக்கொண்டே, அவளைத் தாழ்த்திச் சொன்ன வார்த்தை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் மூத்தவளுடையது. ஆனால் சின்னவள் அங்கே நிற்கிறாளே, எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு. இனி சாகிறவரை தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் அவள் உயர்ந்தவளாகவே உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெருந்தன்மையையும் அவளுக்கே விட்டுவிட மூத்தவளுக்கு மனம் வரவில்லை. முடியாது. அது ஒன்றாவது தனக்கு வேண்டும்.

"இல்லங்க அத்தை" என்றாள். "சின்னவதான் சொன்னா. இது கொல்ற ரகம் இல்ல, குரங்குகிட்டேருந்து வர்றது. பாத்தா பட்டை மாதிரி இருக்கும். கூட்டத்துலயே சொன்னா. நான்தான் கேக்கல. சீட்டுலயும் மாத்தி எழுதிட்டேன். டாக்டர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லப்போறேன்."

"அக்கா, வேணாம்" என்று சின்னவள் கையைப் பிடித்தாள். மூத்தவள் உதறினாள்.

மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு லேப் தெரியாது, ரகம் தெரியாது. ஆனால் பட்டை என்ற வார்த்தை தெரியும். போன வருஷம் வீடு முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தானே பயப்படாதே என்றார்கள்.

"சின்னவனுக்குப் பட்டைன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

கட்டிலில் புருஷன் சாப்பாட்டுப் பையை எடுக்க நீட்டிய கையை நிறுத்தினான். மூத்தவள் மாமியார் கண்ணைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஆமாங்க அத்தை. அவனுக்கும் இதேதான் இருந்தது. நான் எண்ணல."